எழுபத்து மூன்று மேற்கோள்

முதலிடம் பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். கடைசி இடத்தில் இருப்பவன் வேறு எதைத்தான் முடிவு செய்ய முடியும்?

நான் இராஜாங்கம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் முதல்வர் ஹரிசங்கர் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார். வரலாறு, தமிழ், பொருளாதாரம் என்று கலைப் பிரிவு ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர். யாருடைய எழுத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்ன தரவரிசை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி எண்ணுவார்களாம். அப்போது முதலில் இருப்பவருக்குப் புதிய ஆய்வு மையத்தின் தலைவர் பதவி.

நான் முப்பத்தெட்டாவது. முப்பதாவது இடத்தில் இருந்தவர் காலமாகி அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். அவர் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி எழில்மொழியிடம் புலம்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். பகுதிநேரமாக பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை மேற்கோள்ங்க?"

"ஒண்ணு."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"நான்தான். ரெண்டாவது கட்டுரையில என் முதல் கட்டுரையைக் காட்டியிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"கோள் சரியில்லைன்னா பரிகாரம் இருக்கு. மேற்கோள் சரியில்லைன்னா என்ன பண்றது எழில்?"

"விடுங்க. எகனாமிக்ஸ்காரங்களுக்கு மாசத்துக்கு நாலு விழும். வரலாறுக்குப் பத்து வருஷம் ஆகும். குறுவை நெல்லும் தென்னையும் ஒரே மாசத்துல பலன் தரணும்னா எப்படி?"

"தத்துவம் வேண்டாம். உன் ஆய்வேட்டுல என் பூதலூர்ப் பாசனக் கட்டுரையைக் காட்டு. நல்லா, கண்ணுல படற மாதிரி."

"காட்டிடறேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ஒரு கட்டுத் தாளை என் மேசையில் வைத்தாள். "அஞ்சாம் அத்தியாயம். படிச்சுப் பாருங்க."

படிக்க எனக்கேது நேரம்? என் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் எண்ணினேன். பதினோரு இடம்! அன்று திருவையாறு வரைக்கும் போய் அசோகா அல்வா வாங்கிவந்து ஊட்டாத குறைதான்.

எழிலுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த அத்தியாயம் வெளிநாட்டு இதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் அதை எடுத்துப் பேசினார்கள். அவளைக் காட்டியவர்கள் எல்லாரும் கூடவே என்னையும் காட்டினார்கள்.

இரண்டாவது பட்டியல் வந்தது. நான் முதலிடம்!

புதுச் சட்டையோடு முதல்வர் அறைக்குப் போனேன். ஹரிசங்கர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"சார், உங்களுக்கு எழுபத்து மூணு மேற்கோள்."

"ஏதோ நம்மால ஆனது."

"எல்லாத்தையும் எடுத்துப் படிச்சேன். எழுபத்திரண்டு பேர் உங்க கருத்து தப்புன்னு எழுதியிருக்காங்க."

"அந்த இன்னொருத்தர்?"

"நீங்க."

புதுச் சட்டையின் காலர் பட்டனைக் கழற்றினேன்.

"கம்ப்யூட்டருக்குப் பேரை எண்ணத்தான் தெரியுது, திட்டறதும் பாராட்டறதும் தெரியல" என்றார் அவர். "இனிமே எண்ணப் போறதில்ல. ஆளுக்கு ஒரு புதுக் கட்டுரை குடுங்க. ஒரு குழு உக்காந்து படிக்கட்டும். மையத் தலைவரை அப்புறம் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "பதினோரு இடத்துல என்னைத் தப்புன்னு எழுதியிருக்கியே!"

"மேற்கோள் காட்டச் சொன்னீங்க, காட்டினேன். ஒத்துக்கச் சொல்லலையே? படிங்கன்னு மேசையில வச்சேன். நீங்க எண்ணிட்டுத் திருப்பிக் குடுத்தீங்க."

அன்றுதான் அஞ்சாம் அத்தியாயத்தைப் படித்தேன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதில் நடவு நட்ட பெண்களுக்குப் பங்கே இல்லை என்று நூலகத்தில் உட்கார்ந்தபடி எழுதியிருந்தேன். அவர்கள் சொல்லித்தான் மடையே திறக்கும் என்று எழில் காட்டியிருந்தாள். எழிலின் அம்மா நாற்பது வருஷம் நடவு நட்டவர். என் மாமியார்! அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கே வெட்கமாக இருந்தது.

"எங்க தப்பு பண்ணினேன்னு நேர்ல பாக்கணும்" என்றேன்.

எழில் முகம் மலர்ந்தது. மறுநாளே பூதலூருக்குக் கூட்டிப்போனாள். எழில் தன் ஆய்வுக்காகப் பேசியிருந்த பொன்னுத்தாய் வரப்பில் நின்றிருந்தார். அறுபது வயது. நடவு ஆட்களை நடத்துகிறவர்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதின சாரு இவருதானா?"

"ஆமாம்மா" என்றேன்.

"செருப்பைக் கழட்டிட்டு எறங்குங்க."

இறங்கினேன். முழங்கால் வரை சேறு. எந்த வயலில் நாற்று முதிர்ந்தது, எங்கே தண்ணீரை வடிக்க வேண்டும், எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, மடைக்காரர் மண்வெட்டியோடு ஓடினார். எட்டு மாதம், வாரம் தவறாமல் போனேன். என் வரலாற்றில் இவ்வளவு வரலாறு நான் கற்றதில்லை. நான் எழுத எழுத எழில் திருத்தினாள். பொன்னுத்தாயிடம் படித்துக் காட்டினோம். அவர் எங்கள் இருவரையும் திருத்தினார்.

கட்டுரையைக் குழு முழுதாகப் படித்தது. ஹரிசங்கர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மையம் என்னிடம் வந்தது.

அடுத்து, கட்டுரையை இதழுக்கு அனுப்ப வேண்டும். எழுதியவர்கள் மூன்று பேர். பெயர் வரிசையைக் கவனித்துக்கொள்கிறேன் என்றாள் எழில். பொன்னுத்தாய், எழில்மொழி, இராஜாங்கம் என்று போட்டிருந்தாள்.

"அகரவரிசையில போட்டா நான்தானே முதல்ல வரணும்?"

"யாருக்கு அதிகம் தெரியுமோ அந்த வரிசைங்க."

உண்மை. இருந்தாலும் ஆசை விடுமா?

"மூணாவது ஆளா இருந்தாலும் மேற்கோள்ல என் பேரு வரும்ல?"

"வராம? உலகம் பூரா வரும்" என்றாள் எழில். "'பொன்னுத்தாய் மற்றும் பிறர்'னு."