தொடாத வண்டி

பெட்ரோல் டாங்க் கிளிப்பச்சை. மட்கார்டு கிளிப்பச்சை. ஹெட்லைட்டைச் சுற்றியும் அதே கிளிப்பச்சை. சீட்டுக்குப் புலித்தோல் உறை, ஹாண்டில்பாரில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கருப்பன் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றிருந்தார்.

"எப்புடி கீது சார்?"

தசரதன் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். வாசலில் கிடந்த சாமை மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"கருப்பண்ணே, பெயிண்ட் எப்ப அடிச்சது?"

"போன வாரந்தான் சார். மோந்து பாருங்க, வாசனகூட போவல."

"இன்னாண்ணே இப்படி?"

"பெரிய மனுசரு பாக்க வர்றாரு, வண்டிய ரெடியா வைங்கன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?"

சொன்னதென்னவோ வாஸ்தவம்தான். அப்படிச் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ள ஊசி தேட வேண்டும்போல இருந்தது தசரதனுக்கு.

கண்ணமங்கலத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தவர் அவர். பழைய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் வரலாற்றைத் தலையணை உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார். பிளக் வாங்க வருகிறவனிடம் பர்மிங்ஹாமில் மோட்டார் சைக்கிள் பிறந்த கதையை ஆரம்பித்தால், அவன் பிளக்கை மறந்துவிட்டுப் போய்விடுவான். இந்த மனிதரையும் மதிக்க ஒருவர் கிடைத்தார். வேலூர் கோபால்சாமி. பழைய வண்டிகளுக்கு மியூசியம் கட்டிக்கொண்டிருக்கும் பெரும்புள்ளி.

"மைசூர்ல செஞ்ச ஆரம்ப கால ஜாவா ஒண்ணு வேணும். நிறுத்தின நாள்லேர்ந்து ஒருத்தர் கை படாம இருக்கணும். அதைக் காட்டுங்க, மியூசியம் உங்க பொறுப்பு" என்றிருந்தார் கோபால்சாமி.

அப்படி ஒரு வண்டி ஜவ்வாது மலையில் இருக்கிறது என்று கருப்பனின் மகன் ரஞ்சித் போட்டோ அனுப்பினான். தூசிக்குள் டாங்கின் ஒரு முனையும், பாதி எழுத்தும் தெரிந்தன. அதுவே போதும் என்று தசரதன் கடை வேலையை விட்டுவிட்டார். மனைவி சசிகலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, எங்கண்ணன் சிமெண்ட் கடையில போய் ஒக்காரணும்." அந்த மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே தசரதனுக்குச் சோறு இறங்காது.

போன் சிணுங்கியது. கோபால்சாமி அமிர்தி தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கிறாராம்.

"அண்ணே, மண்ணெண்ணெய் எடுங்க. உப்புத்தாள் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"இந்தப் பச்சைய உரிக்கணும்."

கருப்பனின் முகம் கறுத்துவிட்டது. "வேணாம் சார். வுட்ருங்க சார்."

"உங்களுக்கு இதோட அருமை தெரியலண்ணே" என்று தசரதன் தேய்க்க ஆரம்பித்தார். கை ஓடினால் வாயும் ஓடும் அவருக்கு. "இந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச செக் நாட்டுக்காரரு மொதல்ல இன்னா செஞ்சாரு தெரியுமா? வெடிகுண்டு. ஜெர்மனியில வாண்டரர்னு ஒரு கம்பெனி மோட்டார் சைக்கிள் தொழிலக் கைகழுவுச்சு. இவரு அத வாங்கி, தம் பேர்ல கொஞ்சம், அது பேர்ல கொஞ்சம் சேத்து ஜாவான்னு வெச்சாரு. பிஎஸ்ஏ வண்டி மட்டும் இன்னா, அது துப்பாக்கிக் கம்பெனி. என்ஃபீல்டு ஊசிப் பட்டறையிலேர்ந்து வந்தது."

"நல்லாத்தான பொழச்சிருக்காங்க" என்றார் கருப்பன் அழாக்குறையாக. "அப்பறம் ஏன் சார் இந்த வண்டிங்க பக்கம் வந்தாங்க?"

பச்சைக்குக் கீழே கறுப்பு வந்தது. கறுப்புக்குக் கீழே நீலம் வந்தது. அதற்கும் கீழே கம்பெனி அடித்த மெரூன் வர வேண்டும். தகரம்தான் வந்தது.

"மெரூன் எங்கண்ணே?"

கருப்பன் வானத்தைப் பார்த்தார். தசரதன் விடவில்லை, எங்காவது ஒரு துளி தெரியாதா என்று முழு வண்டியையும் உரித்துவிட்டார். இப்போது அது புதிதாக வாங்கிய எவர்சில்வர் அண்டா மாதிரி வெயிலில் மின்னியது.

"சாயந்தரத்துக்குள்ள இது பழைய மாதிரி ஆயிடுமா சார்?" என்று கேட்டார் கருப்பன்.

"அதுக்குத்தாண்ணே பாடுபடறேன். பழசாக்கிடலாம். புளி இருக்கா?"

மலையில் புளிக்கா பஞ்சம்? கருப்பனின் மனைவி காசியம்மாள் ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். புளிப்பு பட்டால் துரு ஏறும் என்பது தசரதனின் கணக்கு. உப்பும் சேர்த்துக் கரைத்து டாங்கிலிருந்து செயின் பெட்டிவரை அப்பினார். காசியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "குத்துவெளக்க இதாலதான் சார் நாங்க தேய்ப்போம்" என்று சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கழுவிப் பார்த்தால், அண்டா கண்ணாடியாகியிருந்தது. அதில் தசரதன் தன் முகத்தைப் பார்த்தார். பார்க்கிற மாதிரி இல்லை.

இனிப் புகைதான் வழி. வைக்கோலைக் கொஞ்சமாகக் கொளுத்திப் புகை பிடித்தால், பல வருஷத்துக் கரி ஏறிவிடும். கொஞ்சமாகத்தான் கொளுத்தினார். மலைக்காற்றுக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது. புலித்தோல் உறை பற்றிக்கொண்டது. சாமந்தி மாலை சொட்டுச் சொட்டாக உருகி டாங்கில் ஒட்டியது. காசியம்மாள் மாட்டுத் தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்ற, பதறிப்போன தசரதன் வண்டியை இழுக்க, அது அவர் மேலேயே சாய்ந்தது. ஹெட்லைட் நொறுங்கியது.

கருப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாவம், உயிரைவிட அருமையாக வைத்திருந்தார் போல என்று தசரதன் நினைத்துக்கொண்டார்.

அந்த நேரத்துக்குத்தான் ஜீப் வந்து நின்றது.

கோபால்சாமி இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பாதி கண்ணாடி, பாதி கரி. நடுவில் உருகிய சாமந்தி. சீட் இருந்த இடத்தில் ஸ்பிரிங் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது மைசூர்த் தொழிற்சாலையில..." என்று தசரதன் ஆரம்பித்தார்.

"தசரதன்" என்றார் கோபால்சாமி நிதானமாக. "நான் கை படாத வண்டி கேட்டேன். இதுல உங்க கை படாத இடம் எதுன்னு காட்டுங்க."

தசரதன் கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தருமபுரியில ஒருத்தர் ரொம்ப நாளாக் கூப்பிடறார். அவருகிட்டயே பேசி முடிச்சுக்கறேன். மியூசியத்தையும் அவரே பாத்துக்கட்டும்" என்றார் கோபால்சாமி. ஜீப்பிலிருந்து தசரதன் எழுதிய வரலாற்றை எடுத்து இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதறீங்க. எழுதறதோட நிறுத்திக்கங்க."

ஜீப் வளைவில் மறைந்தது. சத்தம் அடங்கும்வரை தசரதன் நின்ற இடத்திலேயே நின்றார். போன் அடித்தது. சசிகலாதான்.

"இன்னா ஆச்சு?"

"உங்கண்ணன் கடைய எத்தினி மணிக்குத் தெறப்பாரு?"

சசிகலா போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தசரதன் கருப்பன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷப் படிப்பும் எழுத்தும் சிமெண்ட் மூட்டை எண்ணத்தானா என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பினால், கருப்பன் தன்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தார். தசரதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. என் பொழப்பு போனது போவட்டும், உங்க வண்டியயும் கெடுத்துட்டேன்."

மோர்ச் சொம்பை நீட்டிய காசியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"இது சம்பந்தி வூட்டு ஜாவா சார், ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கியாந்தோம். எங்க வண்டி மாமனாரு நிறுத்துன எடத்துலயே ஆட்டுக் கொட்டாயில கெடக்குது, ஒரு கை பட்டதில்ல. அத்தினி அழுக்க பெரிய மனுசருக்கு எப்புடிக் காட்டறதுன்னு வெக்கமாப் போச்சு."