முனை இல்லாத நாற்பத்தொன்று

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் எங்கள் மகளும் அங்கே புது வேலை, புது வீடு, புதுக் குளிர் எல்லாவற்றோடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த நல விசாரிப்பில் இன்னும் நாற்பத்தொரு பேர் பாக்கி இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள், "பிள்ளைங்க எப்படி இருக்காங்க மாமா?" என்று கேட்பதும், நான், "ஜம்முனு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக உங்கள் அத்தையிடம் போனைத் தள்ளிவிடுவதும் இரண்டு வாரமாக நடக்கிறது. மூன்றாவது ஞாயிறும் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லக் குரல் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் எவ்வளவு பொறுப்பாக ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்புக் கிடைக்காது. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கிருமி போக வேகவைத்து ஆறவைத்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, பல்குத்தும் குச்சியின் ஈர நுனியால் ஒவ்வொரு கள்ளி விதையாக ஒட்டி எடுத்து வைத்தீர்களே, அப்போது பக்கத்தில் நின்றவன் நான். தூசி அளவு விதை. தும்மினால் ஒரு வம்சமே போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா தன் தையல் கடை ஜன்னலில் இருபத்தாறு வருஷம் வைத்திருந்த கள்ளி, அவர் காலமான வருஷமே வேர் அழுகிப் போனதும், கடைசியாக அதில் பழுத்த ஒரே பழத்தின் விதைதான் இவ்வளவும் என்பதும், இனி அந்தச் செடிக்கு வேறு வாரிசு கிடையாது என்பதும் அன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டப்பாவின் மேல் ஒரு காகிதமும் ஒட்டினீர்கள். மூடியைத் திறக்க வேண்டாம். நேர் வெயில் வேண்டாம். மேலே தண்ணீர் ஊற்ற வேண்டாம். முளைத்த பிறகும் மூன்று மாதம் தொட வேண்டாம். மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற மனுஷனிடம் ஒன்றும் செய்யாமல் இருப்பதையே ஒரு வேலையாகக் கொடுத்தால் அவன் என்னதான் செய்வான்?

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் நாள் மூடியின் உட்புறம் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டவனுக்குப் பார்க்கவாவது வேண்டாமா, திறந்து துடைத்தேன். மறுபடியும் படிந்தது, மறுபடியும் துடைத்தேன், இப்படிக் காலையும் மாலையும் நடந்ததில் நாலாம் நாள் எனக்கு அலுத்துப்போய், மகள் விட்டுவிட்டுப் போன தலை உலர்த்தும் கருவியைக் கொஞ்சமாக ஓட்டினேன். ஆவி போனது, கூடவே ஓரத்து மண்ணும் போனது. மண் இல்லாத இடத்தைப் பார்க்கச் சகிக்காமல் வாசல் பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தூவி நிரவிவிட்டேன். அந்த ஒரு பிடிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம், ஆனால் அன்றைக்கு எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. இதற்கு நடுவில் வெயிலுக்குப் பதிலாக நீங்கள் மாட்டிவிட்டுப் போன ஊதா விளக்கைப் பார்த்துவிட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, கோழிக்குஞ்சு பொரிக்கிறீர்களா, சேவல் கூவினால் தன் தூக்கம் கெடும் என்றார். கள்ளி கூவாது என்று அவரை நம்பவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் மண்ணில் பச்சையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. குண்டூசித் தலையளவு, மொழுமொழுவென்று. மூன்று நாள் கழித்து ஓரத்தில் வேறு மாதிரி மூன்று செடிகள் நிமிர்ந்து வந்தன. தண்டில் மெல்லிய சுணை, தொட்டால் விரலில் குத்தியது. இந்த இடத்தில் நான் என்ன தொழில் செய்தவன் என்பதை நீங்கள் கருணையோடு நினைத்துப் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஊசித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். முனை இல்லாத ஒரு ஊசிகூட என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. பிரிவு உபசாரத்தில் அவர்கள் கொடுத்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கள்ளி என்றால் முள். மூன்றில் முள் இருக்கிறது, நாற்பத்தொன்றில் இல்லை. இவை ஏதோ பாசியோ பூஞ்சையோ, நல்ல மூன்றையும் கெடுத்துவிடும் என்று முடிவு கட்டினேன். பழைய இடுக்கியை எடுத்தேன். ஒவ்வொன்றாகப் பக்குவமாகப் பிடுங்கி சாசரில் வைத்து, நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் போட்டு, கழித்ததற்குக் காரணம் என்ற இடத்தில் 'முனை இல்லை' என்று நாற்பத்தொரு தடவை எழுதினேன். அன்றைக்கு எனக்கு வேலையில் இருந்த காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சாசரை உங்கள் அத்தையிடம் கொடுத்துக் கொட்டிவிடச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் ஒன்றும் சொல்லாததையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்று செடிகளும் கிடுகிடுவென்று வளர்ந்து மூடியை முட்டின. பெருமை தாங்கவில்லை. பெரிய தொட்டி வாங்கலாம் என்று டப்பாவை மடியில் வைத்து பஸ்ஸில் நர்சரிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் இது எங்கள் சம்பந்தியம்மாளின் பரம்பரைக் கள்ளி என்று அறிமுகப்படுத்தவும் செய்தேன். நர்சரிக்கார அம்மா மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார்.

"ஐயா, இது களை. எங்க வாசல்ல தினமும் பிடுங்கிப் போடுறது."

நான் விடவில்லை. முள் இருக்கிறதே என்று வாதாடினேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் வரிசை வரிசையாகக் குண்டூசித் தலையளவு பச்சை உருண்டைகள். ஒரு மாதக் கள்ளிக் குஞ்சுகளாம். முள் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறமாத்தான் வரும் ஐயா. எந்தக் குழந்தை பல்லோட பொறந்துச்சு?"

மாப்பிள்ளை, நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் யாரிடமும் எதையும் அறிமுகப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், வாரக்கணக்கில் ஆகிவிட்டது, என்ன இருக்கும். உங்கள் அம்மாவை நான் நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். கல்யாணத்துக்கு முன்தினம் என் சட்டைப் பொத்தான் தெறித்தபோது, நான் நின்றபடியே இருக்க அவர் தைத்துக் கொடுத்தார், உங்கள் தொழிற்சாலை ஊசி நல்ல தரம் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவர் வைத்துவிட்டுப் போனதில் மிச்சம் இருந்ததை நான் என் கையால் எண் போட்டுப் பிடுங்கியிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் முதன்முதலில் பெண் கேட்டு வந்தபோது கையில் ஒரு கள்ளித் தொட்டியோடு வந்து, பேச்சு வராமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒரே பார்வையில் உங்களையும் கழித்துவிட்டேன். 'ஆளிடம் முனைப்பு இல்லை' என்றுதான் வீட்டில் சொன்னேன். ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்தேன். உங்கள் அத்தைதான் என்னிடம் கேட்காமலே உங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்து அழைத்து, கடைசியில் நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்கே வெறிச்சென்று இருக்கும்படி செய்தாள். என் கணிப்பு தப்பென்று அப்போதே தெரிந்திருந்தும் உங்களிடம் சொன்னதில்லை. இரண்டுக்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், திட்டுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த மூன்று களைகளையும் பிடுங்க மனம் வரவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அவை என்ன தப்புச் செய்தன.

உறையை ஒட்டித் தபாலில் போடும் வேலையை உங்கள் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். என் கையில் இருந்தால் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், நான் பரிசோதிக்க முடியாத தூரத்தில், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அன்பை இழக்க விரும்பாத,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. உறையை ஒட்டச் சொன்னார், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். சாசரில் இருந்ததை நான் கொட்டவில்லை. கள்ளி என்று எனக்கும் தெரியாது, உயிரோடு முளைத்து வந்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஈர மணலில் நட்டு, மூடி போட்ட பழைய டப்பாவில் வைத்து, குளியலறை ஜன்னலில் துணி துவைக்கிற சோப்புக்குப் பின்னால் ஒளித்தேன். இந்த வீட்டில் அவர் கை படாத பொருள் அந்தச் சோப்பு ஒன்றுதான். மூன்று வாடிவிட்டது, முப்பத்தெட்டு நன்றாக இருக்கிறது. பிழைக்குமா என்று தெரியாமல் ஆசை காட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லாமல் இருந்தேன். நேற்று ஒன்றின் உச்சியில் வெள்ளையாக முள் தெரிந்தது. அவர் கழித்துப் போடுவதை எடுத்து வைப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை, உங்களுக்கே தெரியும். இப்போது சொன்னால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் கைப்பட மன்னிப்பு என்று எழுதி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, அது உங்களுக்கு வந்து சேர வேண்டும். முதலில் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன், பிறகு அவரைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.