எலி தின்ற நட்சத்திரம்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டு மரத்தில் ஒரு முட்டை ஓடுகூடத் தொங்கக் கூடாது என்று ஜெபகுமார் தீர்மானம் எடுத்தான். தீர்மானத்தை எடுத்துவிட்டான். அதை மனைவி ஷாரோனிடம் சொல்லத் தைரியத்தைத்தான் எடுக்க முடியவில்லை.

ஷாரோன் வருஷா வருஷம் ஒரு சவுக்குக் கிளையைப் பெயின்ட் டப்பாவில் நட்டு, முட்டை ஓட்டுக்குக் கண் மூக்கு வரைந்து, பழைய வளையலுக்கு நூல் சுற்றி, தீப்பெட்டிக்கு ஜிகினாத் தாள் ஒட்டித் தொங்கவிடுவாள். போன வருஷம் சர்ச் பாட்டுக் குழுவோடு வந்த அந்தோணி, "இது கிறிஸ்துமஸ் மரமா, கோழிப் பண்ணையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். காஞ்சிபுரத்தில் பாதிக் கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் போடுகிறவன் ஜெபகுமார். அவன் வீட்டு மரத்தைப் பார்த்தா சிரிப்பது? கடையில் பளபளவென்று விற்கிற உருண்டைகளை வாங்கிவிட வேண்டியதுதான்.

ஷாரோன் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கிக் குப்பை வண்டியில் போட்டான். வண்டி தெருமுனையில் திரும்பியதும் ஒரு விசில்கூட அடித்தான்.

"ஏங்க, பரண்மேல இருந்த பொட்டி எங்க?" என்று சாயங்காலம் கேட்டாள் ஷாரோன்.

"எலி."

"இன்னாது, எலியா?"

"கொதறிடுச்சு ஷாரோனு. முட்டை ஓடு, தீப்பெட்டி, ஒண்ணையும் உடல. நாறிக்கினு இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"வளையலையுமா தின்னுச்சு?"

"பெரிய எலிமா."

ஷாரோன் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "பாவம், அந்த எலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் வேலூரில் நர்ஸிங் படிக்கிற மகள் அபி போன் செய்தாள்.

"அப்பா, எனக்கு லீவு கெடைச்சிடுச்சு. என் ஐஸ் குச்சி ஸ்டார நான்தான் மேல கட்டுவேன். ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்பா."

விசிலடித்த வாய் உலர்ந்துபோனது. யுகேஜி படிக்கும்போது காய்ச்சலில் கிடந்த அபி, அவன் மடியில் உட்கார்ந்துகொண்டே ஒட்டிய நட்சத்திரம் அது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக வந்தது. "இது உனக்குதான்பா" என்று நீட்டினாள். அது அந்தப் பெட்டிக்குள் இருந்ததே அவன் ஞாபகத்தில் இல்லை.

விடிந்ததும் குப்பைக் கிடங்குக்கு ஓடினான். மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. எங்கே கை வைப்பது? மழையில் நனைந்தபடி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் ஷாரோன் ஒரு புது எலிப்பொறியோடு காத்திருந்தாள். பேச்சில் என்றுமில்லாத மரியாதை.

"எலி தின்னதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? வூட்டுல இருக்கறத வெச்சே புதுசா செஞ்சிடலாங்க."

"செஞ்சிடலாம்! நீ செய்யி, நான் கூடமாட..."

"எனக்கு மணிக்கட்டு வலிக்குது. நீங்க செய்ங்க, நான் சொல்றேன்."

ஷாரோன் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள். அவன் செய்தான். முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி, கன்னம் வீங்க ஊதினான். பாதி முட்டை உடைந்தது. மீதி சட்டையில் வழிந்தது.

"பரீட்சையில முட்டை வாங்கினப்பகூட இவ்ளோ கஷ்டப்படல ஷாரோனு."

"அப்ப சும்மாவே வந்துச்சு. இப்ப ஊதணும். ஊதுங்க."

மைதாவில் உப்புப் போட்டுப் பிசைந்து மணி மணியாக உருட்டினான். மார்கழி மழையில் அது காயவே இல்லை. தோசைக்கல்லில் போட்டு வாட்டினால் பாதி பிஸ்கட் ஆனது, மீதி கரியானது. பக்கத்து வீட்டு நெசவாளி பூவராகவன் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கொடுத்தார். அதை வளையலில் சுற்றிக்கொண்டே நைசாக ஆரம்பித்தான்.

"உன் கை மாதிரி யாருக்குமா வரும்? ரெண்டே ரெண்டு சுத்திக் குடேன்."

"எனக்கே நூல் உடுறீங்களா? வளையலுக்கு உடுங்க."

டீயோடு வடை கேட்டால், "பொறியில வெச்சிட்டேங்க. பெரிய எலியாச்சே" என்றாள்.

எல்லாம் எப்படியோ ஒப்பேறியது, நட்சத்திரத்தைத் தவிர. ஐஸ் குச்சிகளைத் திரும்பத் திரும்பப் பிரித்து ஒட்டினான். ஒவ்வொரு முறையும் நேராக வந்து தொலைத்தது. குழந்தை கையின் அந்தக் கோணல் மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

அபி வந்தாள். நட்சத்திரத்தை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"பின்னால என் பேரு எழுதியிருந்தேனேப்பா..."

எலி என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதையே மரத்தின் உச்சியில் கட்டினாள். "இதுவும் நல்லாதான்பா இருக்குது" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது அவனுக்கு.

நேராக அடுப்படிக்குப் போனான். "ஷாரோனு, ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். குப்பை வண்டி செல்லியம்மாக்கா மறுநாள் காலையிலயே வந்து சண்ட போட்டுட்டுப் போச்சு. முட்டை ஓட்ட மக்குற குப்பையில போடணுமாம், வளையல மக்காத குப்பையில போடணுமாம். ஒண்ணாக் கொட்டுறாரே உங்கூட்டுக்காரருன்னு கேட்டுச்சு."

"அப்ப... பொறி வாங்கறப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும். நானும் கெடங்குல போயித் தேடிப் பாத்தேன். கெடைக்கல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

வாசலில் தபேலா சத்தம் கேட்டது. பாட்டுக் குழு. கூடவே பாஸ்டரும் வந்திருந்தார். அந்தோணி மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "யாரு செஞ்சது இதெல்லாம்? சூப்பரா இருக்குதே!"

"எல்லாம் இவரே செஞ்சதுதான்" என்றாள் ஷாரோன். "அடுத்த வருஷம் சர்ச் மரம் மொத்தத்துக்கும் இவரே செய்றேன்னு பொருத்தனை பண்ணியிருக்காரு, பாஸ்டர்."

ஜெபகுமார் வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, அவன் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்குக்காக உருகி உருகி ஜெபம் பண்ணினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். ஷாரோன் முழங்கையால் ஓர் இடி இடித்தாள். ஜெபகுமாரும் ஆமென் என்றான்.