சட்டத்தின் முன் ஒரு தலையணை

விமான நிலையத்தில் என்னைப் போல அடக்கமான பயணி கிடைப்பது அரிது. பெல்ட்டைக் கழற்று என்றால் செருப்பையும் சேர்த்துக் கழற்றுவேன். கையைத் தூக்கு என்றால், போதும் ஐயா என்று அவர்களே கெஞ்சும்வரை தூக்கியபடி நிற்பேன். "ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டீங்களாப்பா? நம்ம உரிமை என்ன ஆகுறது?" என்று மகன் கடுகடுப்பான். உரிமையைப் பற்றி நான் பேசவேண்டியதை எல்லாம் அறுபதுகளிலேயே, வடமதுரை தாண்டி ஒரு செக்போஸ்ட்டில் பேசித் தீர்த்துவிட்டேன் என்பது அவனுக்கும் தெரியும்.

அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். ஒரு மாவட்டத்து அரிசி அடுத்த மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சைச் சோதிப்பார்கள். நான் திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூகப் பாட வாத்தியார். (அடிப்படை உரிமைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தக் கர்வம் வேறு.) கல்யாணமான புதிது. மனைவி கமலம் நெய்க்காரப்பட்டிக்காரி. அவளைக் குடித்தனம் வைக்க அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன்.

சீராக வந்த சாமான்களில் ஒரு ஜோடித் தலையணையும் உண்டு. தூக்கியபோது தோள்பட்டை இறங்கிவிட்டது. இலவம்பஞ்சை எவ்வளவு நெருக்கி அடைத்திருக்கிறார்கள், என்ன தாராள மனசு என்று மாமியாரை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். உண்மையில் மேலாக ஒரு சுற்றுதான் பஞ்சு. உள்ளே அவர்கள் வயலில் விளைந்த சம்பா அரிசி. ரேஷன் அரிசியைத் தின்று மகள் இளைத்துவிடக் கூடாதே என்று மாமியார் செய்த ஏற்பாடு. கமலத்துக்குத் தெரியும். சட்டம் பேசுகிற மாப்பிள்ளையிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று பெண்வீட்டார் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். பிடிபட்டால் கேஸ். கேஸ் என்று வந்தால் என் வேலை போய்விடும். இது எதுவும் தெரியாமல் நான் ஒரு தலையணையை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன்.

செக்போஸ்ட்டில் ஓர் அதிகாரி ஏறினார். பின்னாலேயே ஒரு சிப்பந்தி, கையில் குத்தூசி. நெல் மூட்டையில் குத்தி மாதிரி எடுப்பார்களே, அந்தக் குழல் மாதிரியான நீள ஊசி. கமலம் தன் மடியிலிருந்த மற்றத் தலையணையின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதிகாரி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"புதுப் பொண்ணு மாப்பிள்ளையா? இருக்கட்டும், இருக்கட்டும்."

கமலம் மூச்சு விட்டாள். அடுத்த இருக்கையில் ஒரு பூக்காரம்மா. அவளுடைய மல்லிகைக் கூடையில் சிப்பந்தி குத்தூசியை இறக்கப் போனான்.

"பூ கெட்டுப்போகும்யா. செத்த நேரம் பொறுங்க, நானே விலக்கிக் காட்டுறேன்."

"மடியில என்ன? எந்திரிச்சு உதறு" என்றார் அதிகாரி.

நான் எழுந்துவிட்டேன். "பொம்பளை மடியை உதறச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. "சார், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போனா இங்க ஒரு தெருவே பட்டினி கெடக்கும். அதுக்குத்தான் வெயில்ல நிக்கிறோம்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குள் வாத்தியார் கிளம்பிவிட்டார்.

"நோக்கம் நல்லதா இருந்தா யார் மடியில வேணும்னாலும் கை வைக்கலாமா?"

பஸ் மொத்தமும் "அதானே" என்றது. (ஆதரவு ஏன் அவ்வளவு பலமாக இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.) கமலம் என் சட்டையை இழுத்தாள். "ஏனுங்க, உக்காருங்க." அப்புறம் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதிகாரிக்கு அலுத்துவிட்டது. "சரிம்மா, நீ உக்காரு" என்று இறங்கத் திரும்பினார். அத்தோடு நானும் வாயை மூடியிருக்கலாம்.

"அதெப்படி? பூக்காரம்மா கூடையைக் குத்துவீங்க, வெள்ளை வேட்டியைப் பார்த்தா விட்டுருவீங்களா? சட்டத்தின் முன் எல்லாரும் சமம். சோதிச்சா எல்லாரையும் சோதிங்க. என்கிட்டருந்தே ஆரம்பிங்க."

சொல்லிவிட்டு மடியிலிருந்த தலையணையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம் சார்" என்றார் அதிகாரி.

"குத்துங்க."

குத்தூசி உள்ளே போனது. கமலம் கண்ணை மூடிக்கொண்டாள். சிப்பந்தியின் உள்ளங்கையில் முத்து முத்தாக அரிசி வந்து விழுந்தது.

"யாருது இது?" அதிகாரியின் குரல் மாறியிருந்தது.

என் வாய் திறந்தது. அடிப்படை உரிமைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கமலம்தான் எழுந்தாள்.

"எங்கம்மா வச்சதுங்க. இவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா திண்டுக்கல்லுலயே உங்களத் தேடி வந்து சொல்லியிருப்பாருங்க."

அதிகாரி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். (கடத்தல்காரனுக்கு அப்படி ஒரு முகம் அமையாது.) "தெரிஞ்சவன் நீட்ட மாட்டான்யா" என்றார் சிப்பந்தியிடம். கேஸ் எழுதவில்லை. இரண்டு தலையணைகளையும் பிரித்து அரிசியைச் சாக்கில் கொட்டச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"சார் சொன்ன மாதிரியே எல்லாரையும் பார்த்துருவோம்" என்றார் அடுத்து.

பார்த்தார்கள். பால் கேனிலிருந்து, படுக்கைச் சுருளிலிருந்து, ஒருவருடைய ஆர்மோனியப் பெட்டியிலிருந்து எல்லாம் அரிசி வந்தது. மல்லிகைக்கு அடியிலும் இருந்தது. பூக்காரம்மா காலிக் கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேலாப்புல விலக்கிக் காட்டிட்டுப் போயிருப்பேனே அப்பு. உன்னைய எவன் கேட்டான்?"

அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும்வரை அந்த பஸ்ஸில் என்னோடு ஒருவரும் பேசவில்லை. கண்டக்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுக் குடித்தனத்தில் வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தோம். மாமியார் அதன்பின் எனக்குத் தெரிந்தும் தெரியாமலும் எதுவும் அனுப்பவில்லை. இன்றைக்கும் நான் எங்காவது குரலை உயர்த்தினால் போதும், பிள்ளைகள் "அப்பா, தலையணை" என்பார்கள். பேரப்பிள்ளைகளும் பழகிக்கொண்டுவிட்டார்கள்.

அன்று பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிக்கொள்ளவில்லை. பேசுவதைத்தான் விட்டுவிட்டேன். சமீபத்தில் ஒருநாள் கமலத்திடம் கேட்டேன், அன்றைக்கு என்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"அந்தம்மாவுக்காக நீங்க எந்திரிச்சு நின்னப்போ, நல்ல மனுசனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கோம்னு நெனச்சேனுங்க. அப்புறம் தலையணையை நீட்டிட்டீங்க."