பாஸ்டர் பயிற்சியில் இருக்கிறார்

போதகர்களில் பல வகை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கிப்பவர், கேட்பவர்கள் கண்ணை மூடும்படி பிரசங்கிப்பவர், மைக் இல்லாவிட்டால் வாயே திறக்காதவர், மைக் இருந்தால் மூடாதவர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது வேறொரு வகை. காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பார். தோளில் போன மாதக் கருத்தரங்கில் கொடுத்த பை, அதற்குள் அதற்கு முந்தைய கருத்தரங்கில் கொடுத்த பை, சட்டைப்பையில் யாரோ ஒரு வங்கியின் பெயர் போட்ட பேனா, கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டை. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒரு சின்னப் பயிற்சிங்க’ என்பார். இவர்தான் பயிற்சிப் போதகர்.

இந்த இனம் கிறிஸ்தவர்களிடம் மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். வேளாண்மைத் துறையில் உண்டு, மகளிர் குழுவில் உண்டு, எங்கள் ஜமாஅத்திலும் ஒருவர் உண்டு. அவர் பெயரைச் சொன்னால் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார், அதனால் விட்டுவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிற எனக்கு இந்த இனத்தை நெருக்கமாகப் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. அவர்கள் வாங்கி வருகிற சான்றிதழ்களுக்கெல்லாம் கண்ணாடிச் சட்டை போட்டுவிடுவது நான்தானே?

எங்கள் ஊர் பாஸ்டர் நவநீதன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். சிமென்ட் ஷீட் போட்ட சின்னச் சபை, முப்பது நாற்பது குடும்பம், சுமாரான பிரசங்கம், எல்லோரும் சுகமாக இருந்தார்கள். ஒருநாள் யாரோ அவரை ‘வட்டார ஊழியர் செய்திகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அன்றோடு சபையின் நிம்மதி போயிற்று.

அந்தக் குழுவில் விடிந்தால் ஒரு பயிற்சிச் செய்தி வரும். ‘முந்துங்கள், இடங்கள் சில மட்டுமே!’ என்று வரும். போய்ப் பார்த்தால் மண்டபத்தில் இடங்கள் மட்டுமே இருக்கும். பாஸ்டருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தர்மபுரியில் தலைமைத்துவம், ஓசூரில் ஊடக ஊழியம், பாப்பாரப்பட்டியில் பாடல்குழு மேம்பாடு. அவர் பாடமாட்டார், இருந்தாலும் போனார்.

போய்விட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கற்றுக்கொண்டதைச் சபையின் மேல் பிரயோகிப்பார். ‘பிரசங்கத்தைச் சுருக்குவது எப்படி’ என்ற பயிற்சிக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை, அதன் பயன்களைப் பற்றி ஜனங்கள் பசியில் கிறங்கும்வரை விளக்கினார். பேரிடர்ப் பயிற்சி முடித்து வந்து, ஆராதனை நடுவில் தீ விபத்து ஒத்திகை வைத்தார். மணி அடித்ததும் எல்லோரும் வரிசை கலையாமல், தள்ளிக்கொள்ளாமல், மிக ஒழுங்காக வெளியேறினார்கள். திரும்பி வரவில்லை.

‘செவிகொடுக்கும் கலை’ என்று ஒன்று முடித்தார். அதிலே, எதிராளி சொல்வதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிற தீர்த்தம்மாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஜெபம் கேட்டு வந்தார்.

“பாஸ்டர், ரெண்டு நாளா பல்லு வலிங்க.”

“ஆக, பல் வலிக்கிற மாதிரி நீங்க உணர்றீங்க.”

“உணரலைங்க. வலிக்குதுங்க.”

“ஆக, வலிக்குதுன்னு நான் புரிஞ்சுக்கணும்னு எதிர்பார்க்கறீங்க.”

“டாக்டரையே பாத்துக்கறனுங்க” என்று தீர்த்தம்மாள் எழுந்து போய்விட்டார்.

இந்தத் தீர்த்தம்மாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கணவர் இறந்த பிறகு தையல் மிஷினை மிதித்தே நாளை ஓட்டியவர். அந்தக் கஷ்டத்தில்தான் சபைக்குப் போக ஆரம்பித்தார். அது அவருடைய அண்ணன் மாதையனுக்குப் பிடிக்கவில்லை. தீர்த்தமலை அடிவாரத்தில் மரவள்ளி போடுகிற விவசாயி. மலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டு தங்கைக்கு அந்தப் பெயரை வைத்த குடும்பம். ‘எங்க சாமி பேர வெச்சிக்கிட்டு எந்தச் சாமிகிட்டப் போற?’ என்று ஒரு வார்த்தை கேட்டார். அதிலிருந்து அண்ணன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தீர்த்தம்மாள் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு தளம் போட்ட வீடு கட்டி முடித்தார். புது வீட்டு ஜெபத்துக்கு நாள் குறித்தார். அழைப்பிதழ் என் கடையில்தான் அடித்தது. ‘பாஸ்டர் நவநீதன் அவர்கள் வீட்டை ஜெபித்துத் திறந்து வைப்பார்’ என்ற வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

“அண்ணனுக்கும் பத்திரிகை குடுத்திருக்கறன் பாய். வரேன்னு சொல்லிடுச்சு. எங்க பாஸ்டரு பேசறதக் கேட்டுச்சுன்னா மனசு மாறிடும் பாருங்க.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெபம். அப்படித்தான் பாஸ்டரும் வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி வந்தது. தர்மபுரியில், சனிக்கிழமை, ஒருநாள் பயிற்சி. தலைப்பு என்ன தெரியுமா? ‘ஊழியத்தில் நேர நிர்வாகம்.’

போகாமல் இருக்க முடியுமா நம் பாஸ்டரால்? முதல் பஸ்ஸில் போய், பெயரைப் பதிந்து, பையை வாங்கிக்கொண்டு, பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். பாஸ்டரம்மா எழிலரசி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். “நேரத்த எப்படி நிர்வாகம் பண்றதுன்னு தெரிஞ்சிக்கிட்டா, ரெண்டு எடத்துக்கும் போகலாம் எழில்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அங்கே நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். நேர நிர்வாகம் சொல்லித்தர வேண்டியவர் வரத் தாமதமாயிற்று. வந்ததும் தாமதத்துக்கான காரணத்தை விரிவாகச் சொன்னார். பாஸ்டர் நைசாக நழுவலாமென்று எழுந்தபோது, எழுந்து நின்ற ஒரே ஆள் என்பதால் அவரைக் குழுத்தலைவர் ஆக்கி, கையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்துவிட்டார்கள். குழு விவாதத்தின் தலைப்பு: ‘சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில்.’ போதாததற்குச் சான்றிதழ் கடைசியில்தான் என்று அறிவித்தார்கள். சான்றிதழ் இல்லாமல் வீடு திரும்புவதா? அப்படியொரு பழக்கமே அவருக்கு இல்லையே!

இங்கே புது வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். சபை ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாதையன், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சொந்தபந்தம் ஒரு வேன் நிறைய. வாசலில் கட்டிய ரிப்பன் கட்டியபடியே இருந்தது. பிரியாணி தம் போட்டு, தம் திறந்து, மறுபடி மூடி வைத்தாயிற்று. பாட்டுப் பாடினார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து முதல் பாட்டுக்கே திரும்பி வந்தார்கள்.

“என்னாம்மா, உங்க சாமியாரு வருவாரா?” என்றார் மாதையன்.

“வந்துருவாருங்கண்ணா. சொன்னா சொன்னதுதான் அவரு.”

கூட்டத்தில் யாரோ ‘போன் போடு’ என்றார்கள். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று தீர்த்தம்மாள் ஸ்பீக்கரில் போட்டார். போடாமல் இருந்திருக்கலாம்.

“தோத்திரம் தீர்த்தம்மா! கெளம்பிட்டேன், பொம்மிடி தாண்டியாச்சு, இதோ வந்துட்டேன்...”

அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், மைக்கில், கணீரென்று கேட்டது: “அன்பான ஊழியர்களே, மதிய உணவு தயாராக உள்ளது. கை கழுவும் இடம் மேடைக்கு வலதுபுறம்.”

போன் அணைந்தது. மாதையனின் மச்சினன் ஒருவர், “பொம்மிடியில மேடைக்கு வலது பக்கம் எதுங்க?” என்று சந்தேகம் கேட்டார். வேனில் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சபை ஜனங்கள் விரித்த பாயையே குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

மாதையனும் சிரிக்கத்தான் வாயெடுத்தார். அப்போது தங்கையின் முகத்தைப் பார்த்தார். புதுச்சேலை கட்டி, போனைக் கையில் பிடித்தபடி, தான் கட்டிய வீட்டு வாசலில் தானே அழைக்கப்படாத விருந்தாளி மாதிரி அந்த அம்மாள் நின்றிருந்தார். மாதையன் மச்சினனைப் பார்த்து, “வாய மூடுடா” என்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“உங்க சாமிகிட்டப் பேசறதுக்கு அவரு எதுக்கும்மா? நீயே பேசு.”

“எனக்கு ஜெபம் பண்ண வராதுங்கண்ணா. நாலு பேரு முன்னாடி... பயிற்சி இல்லீங்க.”

“பயிற்சி எடுத்துக்கிட்டா வூடு கட்டுன? பேசு தாயி.”

தீர்த்தம்மாள் முக்காடு போட்டுக்கொண்டார். பிறகு, “ஆண்டவரே, வூடு முடிஞ்சிருச்சுங்க” என்றார். “எங்கண்ணன் வந்திருக்குது. அது இனிமே வந்து போவணும். அவ்வளவுதாங்க. ஆமென்.”

நான் கேட்ட பிரசங்கங்களில், எங்கள் பள்ளிவாசல் ஜும்ஆ பயான்களையும் சேர்த்துச் சொல்கிறேன், இதைவிடச் சிறியது இல்லை. மாதையன் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ரிப்பனை வெட்டினார்கள். துணி வெட்டுகிற கத்தரி, ஒரே வெட்டு. அப்புறம் பிரியாணியிடம் போனோம்.

பாஸ்டர் வந்தபோது பந்தல்காரர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். தோளில் புதுப்பை, கக்கத்தில் சார்ட் பேப்பர் சுருள், கையில் சான்றிதழ். வியர்த்துக் கொட்டியது.

“ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாங்களா?”

“ஆயிடுச்சுங்க” என்றார் மாதையன், மரியாதையாக. “பந்தியும் ஆயிடுச்சு. ஒக்காருங்க, உங்களுக்கு எடுத்து வெக்கச் சொல்லியிருக்கறன்.”

இலை போட்டார்கள். கறித்துண்டு தீர்ந்துபோய்க் குஸ்காதான் இருந்தது. எழிலரசி வந்து தயிர்ப்பச்சடி வைத்துக்கொண்டே, கணவரின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “சர்டிபிகேட் குடுத்தாங்களா?”

பாஸ்டர் தலையாட்டினார். தீர்த்தம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “உங்களக் காட்டத்தாங்க எல்லாரையும் கூப்புட்டன்” என்று மட்டும் சொன்னார். பாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

திங்கட்கிழமை என் கடைக்கு வந்தார். அந்தச் சான்றிதழையும் கொண்டுவந்திருந்தார், ஆனால் லேமினேஷனுக்குக் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்று கேட்டார். சேர்வதற்குத்தான் இவ்வளவு நாளும் பயிற்சி கிடைத்திருந்தது. நான் காட்டிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சபை பார்த்தது வேறொரு பாஸ்டரை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து பாய் விரித்தார். பிரசங்கத்தைப் பழையபடி சுமாராகச் செய்தார். வீடு வீடாகப் போனார். ஜனங்கள் பயந்துபோய், ‘பாஸ்டருக்கு ஒடம்புகிடம்பு செரியில்லையா?’ என்று எழிலரசியை ரகசியமாக விசாரித்தார்கள். தீர்த்தம்மாளை மட்டும் நேராகப் பார்க்க முடியாமல் தையல் கடையைத் தாண்டும்போது எதிர்ச்சாரியில் நடந்தார். ஒருநாள் தீர்த்தம்மாளே கூப்பிட்டார்.

“எத்தன நாளைக்குப் பாஸ்டர் அந்தப் பக்கம் நடப்பீங்க? வேகாத வெயிலு. இந்தப் பக்கந்தான் நெழலு.”

பாஸ்டர் இந்தப் பக்கம் வந்தார். “தப்புப் பண்ணிட்டேன் தீர்த்தம்மா” என்றார். பக்கத்துக் கடையில் நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டேன். சத்தத்தில் மீதி கேட்கவில்லையென்றால் என்ன செய்வது?

“போனது போவட்டுங்க. நீங்க வந்திருந்தீங்கன்னா எங்கண்ணன் ஓரமா ஒக்காந்து கேட்டுட்டுப் போயிருக்கும். நீங்க வராததனாலதான் அது வாசலுக்கு வந்துச்சு. இப்ப வாரா வாரம் மரவள்ளிக்கெழங்கு கொண்டாந்து போட்டுட்டுப் போவுது. திங்கத்தான் ஆளில்ல, நீங்க கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க.”

பாஸ்டர் கிழங்கை வாங்கிக்கொண்டார். அதற்குப் போன மாதக் கருத்தரங்குப் பை உதவியது.

சுபமாக முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். போன வாரம் பாஸ்டர் கடைக்கு ஓடிவந்தார். முகத்தில் பழைய களை. சேலத்திலிருந்து ஓர் அமைப்பு அவரை அழைத்திருக்கிறதாம். கேட்க அல்ல, பேச. பயிற்சிகளை விட்டுவிட்டு ஊழியம் செய்கிற ஒரு போதகர் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிறாராமே என்று கேள்விப்பட்டார்களாம். தலைப்பு: ‘பயிற்சியில்லாமல் ஊழியம்.’ இரண்டு நாள் பயிற்சி முகாம்.

“போறீங்களா?” என்றேன்.

“எழில்தான் தேதியப் பாத்துச் சொல்லுச்சுங்க பாய். மொத நாளு தீர்த்தம்மா வூட்ல ஜெபம் இருக்குது, மாதையனும் வராரு. நான் ரெண்டாவது நாள்தான் வருவன்னு சேலத்துக்காரங்ககிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க” என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான். திருந்தியவருக்கு அவ்வளவு பெருமைகூட இல்லையென்றால் எப்படி?

நோட்டீஸ் என்னிடம்தான் அடிக்கக் கொடுத்திருக்கிறார். மை காய்வதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாகக் கேள்வி. பயிற்சி வேண்டாம் என்பதைக் கற்றுக்கொள்ள இத்தனை பேரா என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே, அந்த முகாம் எந்தத் தேதியில், வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வார்களா, யாரிடம் சொன்னால் ஓர் இடம் கிடைக்கும் என்று மனசுக்குள் ஓர் ஓரத்தில் விசாரணை ஓடுகிறதா? அப்படியானால் என் கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் புது லேமினேஷன் மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன்.