ஒக்தாவ் போட்ட நீலக் கோடு

பீச் மரத்தில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்ததும் ஒக்தாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"எவன்டா அது? என் பாதையில வந்து கோடு போட்டவன் எவன்?"

ஃபோன்தென்ப்ளோ காட்டில் அந்த நேரத்தில் பதில் சொல்ல ஆளில்லை. கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நீலமாகிவிட்டது. அடப்பாவி, இப்போதுதான் அடித்துவிட்டுப் போயிருக்கிறான்! இங்கேதான் எங்கேயாவது பதுங்கியிருப்பான் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மரத்தடியில் ஒரு துணிப்பை கிடந்தது. பக்கத்திலேயே ரொட்டித் தூளும், சீஸ் சுற்றிவந்த காகிதமும், பாதி காலியான ஒயின் பாட்டிலும் கிடந்தன.

பையை எடுத்துப் பார்த்தார். அது அவருடைய மனைவி சொலாஞ்ஜின் பை.

ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒக்தாவேதான். அந்தக் கோட்டைப் போட்டவரும் அவரேதான். சாப்பிட்டு எழுந்து, கிராமத்தை நோக்கிப் போவதாக நினைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் கோடு போட்டபடி ஒரு பெரிய பாறையை வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

"கடவுளே! மங்கிப்போன பழைய கோட்டு மேலதானே பூசிக்கிட்டு வந்தேன்!"

ஒக்தாவ் நாற்பது வருஷம் ரொட்டிக்கடை நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகூட அடுப்பை விட்டு நகர்ந்ததில்லை, அதனால் கடைக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. இந்த வசந்தத்தில்தான் கடையை விற்றுவிட்டு, நடப்பவர்களுக்கு மரத்தில் கோடு போட்டு வழிகாட்டும் பாதைச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தின் தலைவி மதாம் தெலோர்ம், எழுபத்தெட்டு வயது, குரல் மட்டும் பட்டாளத்துக் குரல். கார் நிறுத்துமிடத்திலிருந்து கிராமம் வரை போகும் நான்கு கிலோமீட்டர் பாதைக்குப் பதினோரு வருஷமாக அவரே தன் கையால் நீலக் கோடு போட்டு வந்தார். முழங்கால் வலி வந்ததால் இந்த வருஷம் பிரஷ்ஷை ஒக்தாவிடம் கொடுத்திருந்தார்.

கொடுத்தார் என்றால் சும்மாவா? சோதனைக்குத்தான் கொடுத்தார். நாளை ஞாயிறு, சங்கத்தின் இலையுதிர்கால நடை. தலைவி முன்னே நடப்பார், சனம் பின்னே நடக்கும். கோடு சரியாக இருந்தால் பாதை ஒக்தாவுக்கே சொந்தம், சாகும்வரை. பிசகினால் பிரஷ் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் யார் தெரியுமா? சொலாஞ்ஜின் தம்பி ரெஜிஸ். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஒக்தாவ் எதில் கை வைத்தாலும் அதில் தானும் கை வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போன மாதம்தான் சங்கத்தில் சேர்ந்தான், அதற்குள் சொந்தமாக ஒரு பிரஷ்கூட வாங்கி வைத்திருந்தான். அவனிடம் தோற்பதா? அதைவிட இந்தப் பாறையில் தலையை மோதிக்கொள்ளலாம்.

பதறக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தப்பான கோட்டை அழிக்கத்தான் சங்கம் ஒரு டின் பழுப்புப் பெயிண்ட் கொடுத்திருக்கிறதே! மரப்பட்டை நிறம். பூசினால் கோடு இருந்த இடமே தெரியாது. பாறையைச் சுற்றிய கோடுகளை அழித்துவிட்டு, கிராமத்துக்குப் பாதை பிரியும் சரியான பிரிவைக் கண்டுபிடித்துப் புதுக்கோடு போட்டால் ஆயிற்று.

முதல் மரத்தில் பழுப்புப் பெயிண்ட்டைப் பூசி முடிக்கவில்லை, பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஐயா, என்ன பண்றீங்க?"

லீல் ஊரிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும். முதுகில் பை, கையில் ஊன்றுகோல், முகத்தில் சந்தேகம்.

"இந்தக் கோட்டை நம்பித்தான் வந்துக்கிட்டிருக்கோம். நீங்க பாட்டுக்கு அழிக்கிறீங்களே!" என்றாள் அந்த அம்மாள்.

"அழிக்கிறதா? யாரும்மா அழிக்கிறா? இது அடிப்பூச்சு. பழுப்பு மேல அடிச்சாத்தான் நீலம் எடுப்பா தெரியும்" என்றார் ஒக்தாவ். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்படியா? அடிங்களேன், பாக்குறோம்."

ரெண்டு பேரும் ஊன்றுகோலை நட்டுவிட்டு நின்றேவிட்டார்கள். வேறு வழி? ஒக்தாவ் நீல டின்னைத் திறந்து, பழுப்பின் மேல் முன்பைவிடப் பளிச்சென்று ஒரு கோடு போட்டார்.

"அடேங்கப்பா, நல்லாத்தான் இருக்கு! மரத்துக்கு அந்தப் பக்கமும் போடுவீங்கல்ல?"

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மரத்தின் இருபுறமும் கோடு போடுவது சங்கத்தின் வழக்கம். அதையும் போட்டார்.

"கிராமத்துக்கு இப்படியே போகலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்மா."

அவர்கள் போனார்கள். ஒக்தாவ் பெருமூச்சு விட்டு, பெரணிச் செடிகளுக்குள் புகுந்து சரியான பிரிவைத் தேட ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால், எதிரே அதே புருஷன், அதே பெண்டாட்டி!

"நீங்களா?" என்றாள் அந்த அம்மாள், பேயைக் கண்டவள்போல.

"நீங்களா?" என்றார் ஒக்தாவ்.

"அண்ணனா, தம்பியா? உங்களை மாதிரியே ஒருத்தரை அங்க பாத்துட்டு வர்றோம்" என்றார் கணவர்.

"தம்பி... அங்க நிக்கிறது என் தம்பி" என்று சொல்லிவிட்டு ஒக்தாவ் மறுபடி பெரணிக்குள் பாய்ந்தார். நாற்பது வருஷத்தில் பழைய ரொட்டியைப் புதிது என்று ஒருநாள் சொன்னதில்லை அந்த மனுஷன்! ஒரே மத்தியானத்தில் மூன்று பொய்.

பெரிய பாறையின் உச்சியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். மூச்சிரைக்க ஏறி மனைவியைக் கூப்பிட்டார்.

"சொலாஞ்ஜ், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. கோடு வட்டமாயிடுச்சு. உன் தம்பிக்கு மட்டும் தெரியக்கூடாது."

மறுமுனையில் தட்டில் முள்கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"மச்சான்," என்றது ரெஜிஸின் குரல், வெண்ணெயாக உருகி. "அக்கா கை மாவா இருக்குன்னு ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. நான் வேணா என் பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

"வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!"

"சரி மச்சான், கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சிரித்தான் அவன்.

ஒக்தாவ் பாறையிலிருந்து இறங்கவில்லை, சறுக்கினார். இனி வேகம்தான் முக்கியம். நல்லவேளை, கிராமத்துக்குப் போகும் பிரிவு அகப்பட்டது. ஓட்டமும் நடையுமாகக் கிராமம் வரை மரத்துக்கு மரம், இருபுறமும், நீலம் அடித்தார். கடைசி மரத்தோடு நீல டின் காலி. திரும்பி ஓடிவந்தார். இனி பாறையைச் சுற்றிய கோடுகளை அழிக்க வேண்டியதுதான். பிரஷ்ஷைப் பழுப்பில் முக்கி, தலை நிமிராமல் சரசரவென்று அழித்துக்கொண்டே போனார். எட்டு, பத்து, இருபது மரம். கை வலித்தது, ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது. கடைசிக் கோட்டை அழித்துவிட்டு நிமிர்ந்தார்.

எதிரே கிராமத்து மாதாகோவில் தெரிந்தது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இருபுறமும் கோடு போட்ட மரம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிவில் நின்று எந்தக் கோட்டை அழிப்பது என்று பார்க்காமல், இப்போதுதான் போட்ட சரியான கோடுகள் அத்தனையையும் தன் கையாலேயே அழித்துத் தொலைத்திருக்கிறார்! பழுப்பு டின்னிலும் சொட்டு இல்லை. வீட்டுக்கு ஓடிப் போய் வேறு டின் கொண்டுவரலாம் என்று எழுந்தபோது மழை கொட்டியது. ஈரப் பட்டையில் பெயிண்ட் ஒட்டாது, காலைக்குள் பட்டை காயவும் போவதில்லை. ஒக்தாவ் நனைந்தபடியே நின்று, அழுதார் என்றே சொல்லிவிடலாம், மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முப்பத்துநான்கு பேர் கூடினார்கள். பாதிப் பேர் புதியவர்கள். ரெஜிஸ் புத்தம்புதுச் சட்டையில் வந்திருந்தான், சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷின் காம்பு எட்டிப் பார்த்தது. மதாம் தெலோர்ம் ஊன்றுகோலை உயர்த்தினார்.

"கோட்டைப் பாத்து நடங்க! வாய் பேசக்கூடாது!"

பீச் மரம் வரை பிசகில்லை. "கோடு அழகா இருக்கே" என்று தலைவி சொன்னபோது ஒக்தாவுக்கு முதுகில் வேர்வை ஓடியது. அந்தப் பளிச்சென்ற கோட்டைத் தாண்டியதும் கூட்டம் பாறையைப் பார்க்கத் திரும்பியது.

இந்தக் காட்டில் பெயர் இல்லாத பாறை கிடையாது. பாதை போட்ட அந்தக் காலத்து ஆட்கள் பாறைக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கதை என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதை சொல்லாத தலைவியை யாரும் தலைவியாக மதிப்பதில்லை.

"இதுதான் ராணி நாற்காலி!" என்று முழங்கினார் மதாம் தெலோர்ம். "ராஜா வேட்டைக்குப் போனப்ப ராணி மூணு நாள் இதுமேல உக்காந்து காத்திருந்தா."

எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நடந்தார்கள். இருபது நிமிஷத்தில் மறுபடி அதே பாறை. ஒக்தாவ் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் தலைவி கண்ணிமைக்கவில்லை.

"இது கொள்ளைக்காரன் அடுப்பு! பதினேழு பேரைக் கொன்னவன், இங்கதான் முயல் சுட்டுத் தின்னான்."

மறுபடி போட்டோ. மறுபடி நடை. ரெஜிஸ் பக்கத்தில் வந்து காதைக் கடித்தான்.

"மச்சான், அந்த ராணி நாற்காலியும் இந்த அடுப்பும் ஒரே ஜாடையா இருக்கே, கவனிச்சீங்களா?"

"வாயை மூடுறா."

இன்னும் இருபது நிமிஷம். அதே பாறை, அதே வெடிப்பு.

"இது சாமியார் கண்ணீர்!" என்று தலைவி ஆரம்பித்தார். "பாவம் செஞ்ச ஒரு சாமியார் இங்க வந்து..."

ஒக்தாவால் தாங்க முடியவில்லை. ரொட்டிக்காரர், ஏமாற்றிப் பழகாதவர். முன்னே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மதாம், நிறுத்துங்க! அந்தப் பாவி நான்தான். இது மூணு பாறை இல்ல, ஒரே பாறை. கோடு வட்டமாப் போகுது. சரியான கோட்டையெல்லாம் நானே அழிச்சுட்டேன். இந்த முப்பத்துநாலு பேரையும் ஒரு மணி நேரமா நான்தான் சுத்தவிட்டுக்கிட்டிருக்கேன்."

"ஒரே பாறையா!" என்று யாரோ அலறினார்கள். மதாம் தெலோர்மின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"வட்டமா? என் பாதை வட்டமாவா? பதினோரு வருஷம் நான் கட்டிக் காத்த பாதையை ஒரே நாள்ல நாசமாக்கிட்டியே மனுஷா! பிரஷ்ஷைக் கொடு!"

ஒக்தாவ் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். ரெஜிஸ் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது கூட்டத்தின் கடைசியில், கல்லில் உட்கார்ந்து காலணிக்குள் புகுந்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்த ஜினெத், தபால்காரரின் விதவை, தலையை நிமிர்த்தி ஏமாற்றத்தோடு கேட்டாள்:

"பதினோரு வருஷமா நானும் வர்றேன் மதாம். இந்தப் பாறைக்கு எப்பவும் அஞ்சு சுத்து, அஞ்சு கதை, அப்புறந்தானே வந்த வழியே திரும்புவோம்? இந்த வருஷம் என்ன, மூணுலயே நிறுத்திட்டீங்க?"