அரைமூடை அண்ணாச்சி

உலகத்திலேயே, சரக்கு வாங்க வந்தவனை வைது விரட்டிய ஒரே சேல்ஸ்மேன் எங்கள் அரைமூடை அண்ணாச்சிதான். ராஜபாளையத்தில் ஓர் உரக்கடையில் இருபது வருஷமாக யூரியா விற்கிறார். விற்கிறார் என்பதே தப்பு. யூரியாவை நம்மிடமிருந்து காப்பாற்றுகிறார்.

"ரெண்டு மூடை யூரியா" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. எம்புட்டு நிலம், போன தடவை என்ன போட்ட, சாணி அடிச்சியா என்று போலீஸ் ஸ்டேஷன் தோற்கும் விசாரணை. கடைசியில் தீர்ப்பு ஒன்றுதான்.

"ஏக்கருக்கு அரை மூடை போதும்லே. மிச்சத்தைப் பயிரா திங்கும்? கம்மாவுக்கு ஓடும், ஆகாயத்தாமரை திங்கும். கிணத்துல இறங்கும், ஒம் பேரப்புள்ள குடிக்கும். பொறவு ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலை!"

கடையோடு நின்றாரா? ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், வாழை இலையைத் தூக்கி டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தக் கரும்பச்சை யூரியாப் பச்சைல்லா? இதுல பூச்சி திங்கட்டும். எனக்குத் தட்டு கொண்டா!" என்று கத்தினார். இலை வந்தது பெண்ணைப் பெற்றவரின் சொந்தத் தோட்டத்திலிருந்து. பாவம், அந்த மனிதர் சாம்பார் வாளியும் கையுமாகச் சிலையாக நின்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொதிக்கிறது.

ஒரு கோடையில் எங்கள் கண்மாய் பச்சைப் பாசி மூடி நாறியது. மீன்கள் செத்து மிதந்தன. இவர் ஒரு செத்த கெண்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கல்லா மேசையிலேயே வைத்தார். வருகிறவர்களையெல்லாம், "மோந்து பாரு, இது நீ போட்ட மூடை" என்று கூப்பிட்டார். முதலாளி சாம்பிராணியைக் கொளுத்திக்கொண்டு அழாத குறை. எங்களுக்கோ மீன் செத்ததில் வராத கோபம், அதைக் காட்டியவர் மேல் வந்தது. நாங்கள் அவ்வளவு யோக்கியர்கள்!

அந்த யோக்கியர்களில் நானும் ஒருவன். கண்மாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் நெல் போட்டிருந்தேன். பக்கத்து வயல் என் வயலைவிடக் கருகருவென்று இருந்ததை எப்படிப் பொறுப்பது? இரண்டு மூடை கேட்டேன். பத்துப் பேர் முன்னால் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் பச்சையைப் பாத்து ஒனக்குப் பசிக்கி. அரை மூடை. ஏத்திட்டுப் போ."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், இன்னொரு கடையில் இரண்டு மூடை வாங்கி வந்தேன். முதல் மூடையை வயலில் வீசினேன். ஒரு வாரம் கழித்து, இரண்டாவதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துத் தெளிக்கலாம் என்று நினைத்தேன். வீட்டில் பெரிய பாத்திரம் ஒன்றுதான், மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கும் அண்டா. அதிலேயே கரைத்து, தொழுவத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். என்னைவிடப் புத்திசாலி எந்த ஊரிலாவது உண்டா?

திரும்பி வந்தால் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு அண்டாவில் வாயை வைத்திருந்தது. தினமும் பால்கோவாக் கடைக்குப் பால் கொடுக்கிற மாடு. அந்தப் பாலில்தான் என் மகள் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, உடம்பு நடுங்கி, வாயில் நுரை தள்ளியது. மாட்டு டாக்டருக்குப் போன் செய்தால், தளவாய்புரத்தில் கன்று போட முடியாத பசு ஒன்றோடு மல்லுக்கட்டுகிறார், வர ஒரு மணி நேரமாகும். என் கை தானாக அரைமூடையின் நம்பரைத் தட்டியது.

"பச்சத்தண்ணி தயாரா வையி, வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரத்தில் மொபெட் வந்து நின்றது. அண்ணாச்சிக்குப் பின்னால் ஃப்ரைடு ரைஸ் கடை மாஸ்டர், இரண்டு கைகளிலும் வினிகர் கேன்களோடு. கடையிலிருந்த வினிகரை மொத்தமாகத் தூக்கியவர், அதைப் பிடித்துக்கொள்ள மாஸ்டரையும் தூக்கிவிட்டார்! "அண்ணே, அடுப்புல நூடுல்ஸ் கெடக்கு" என்று அவர் இன்னும் அலறிக்கொண்டிருந்தார்.

"யூரியா வயித்துக்குள்ள அமோனியாவா மாறுதுலே. புளிப்பு உள்ள போனாத்தான் அது அடங்கும். தலையை ரொம்பத் தூக்காத, நெஞ்சுக்குள்ள போயிரும்."

வினிகரும் குளிர்ந்த தண்ணீருமாகப் பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். பிறகு டாக்டர் வந்து குழாய் விட்டு, ஊசி போட்டு, "இது ஊத்தலைன்னா நான் வந்து பிரயோஜனமில்ல" என்றார். வெயில் தாழும்போது செவலை எழுந்து நின்று அசைபோட்டது.

திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். அண்ணாச்சி தொழுவத்துக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

"திட்டிருங்க அண்ணாச்சி. ரோஷத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் போயி வாங்கிட்டேன்."

"தெரியும்லே. நீ வாங்குன அன்னைக்கே அந்தக் கடைக்காரன் சொல்லிட்டான். அப்பவே வந்து மூடையைப் புடுங்கிட்டுப் போயிருக்கணும். எந் தப்பு."

வாயில்லா ஜீவனைப் பார்த்தபடி துண்டால் கண்ணைத் துடைத்தார். இருபது வருஷம் ஊரையே வைத மனிதர், வைய வேண்டிய ஒரே நாளில் தன்னை வைதுகொள்கிறார். என்ன அநியாயம் இது! கல்லில் அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.